வெறும் ஏணை ஆடக் கூடாது

1

போன வாரத்திலிருந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவளுக்கு அது எப்படிப்பட்ட தண்டனை என்று புவனகிரியில் இதைப் படிக்கிறவர்களுக்கு எப்படிச் சொல்வேன்! முன்னால் ஒரு மேசை. மேசை மேல் ஒரு கட்டு லேபிள். பம்புக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருவன் என் வண்டியில் ஏறி, சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, என் கண் எதிரிலேயே ஓட்டிக்கொண்டு போகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மெல்பர்னின் மேற்கு ஓரத்தில், வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பெரிய பெரிய பம்புகளைப் பழுது பார்த்து அனுப்புகிற ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். என் பெயர் தில்லைக்கரசி. பிறந்தது புவனகிரி, படித்தது சிதம்பரம், வாழ்க்கைப்பட்டது பெண்ணாடத்தில் ஒரு ஃபிட்டருக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இவர்கள் என் பெயரை டில்லி ஆக்கிவிட்டார்கள். தில்லையிலிருந்து டில்லிக்குப் போக நம் ஊரில் எவ்வளவு நேரம் ரயிலில் கிடக்க வேண்டும், இவர்கள் ஒரே வாயில் கொண்டுபோய் விட்டுவிட்டார்களே என்று மாமாவிடம் சொன்னேன். மாமா என்றால் என் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவோம்.

நான் செய்த குற்றம் இவ்வளவுதான். கம்பெனி முற்றத்தில், வண்டியின் கொக்கியில் தொங்கி ஆடிக்கொண்டு வந்த ஒரு வெறும் துணிப்பட்டையைக் கையால் பிடித்து நிறுத்தினேன். ஏன் தொட்டாய் என்று கேட்கிறார்கள். காரணம் சொன்னால்தான், தொங்கும் சுமை தூக்குவதற்கு எனக்குக் கொடுத்திருந்த அனுமதி அட்டை திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் இந்த நாற்காலியே கதி.

காரணம் கேட்கிற இன்னொரு ஆள் வீட்டில் இருக்கிறாள். என் மகள் கயல். நாலு வயதில் இங்கே தூக்கிக்கொண்டு வந்த பெண், இப்போது படிப்பை முடித்துவிட்டு, பெர்த்தில் ஒரு சுரங்கக் கம்பெனியில் வேலை வாங்கி வைத்திருக்கிறாள். இந்த நாட்டின் இந்தக் கடைசியில் நாங்கள், அந்தக் கடைசியில் பெர்த். போகக் கூடாது என்றேன். ஏன் என்றாள். போகக் கூடாதுன்னா போகக் கூடாது என்றேன். ஒரே ஒரு காரணம் சொல்லு, கேட்டுக்கிறேன் என்றாள். சொல்லவில்லை. அதிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. எனக்கு அவள் மேல் நம்பிக்கை இல்லை என்று அவள் நினைக்கிறாள்.

முற்றத்தில் கேட்கிற காரணமும் வீட்டில் கேட்கிற காரணமும் ஒன்றேதான். அதுதான் என் தொல்லை.

2

தொங்கும் சுமை என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு துணியைத் தொட்டதற்கா இத்தனை கூத்து என்று கேட்பீர்கள்.

ஃபோர்க்லிஃப்ட்டுக்கு முன்பக்கம் இரண்டு இரும்பு நாக்குகள் இருக்கும். மரத்தட்டில் அடுக்கிய சாமானை அடியில் கொடுத்துத் தூக்குவதற்கு உண்டானவை. பம்பு, மோட்டார் மாதிரி தட்டில் ஒழுங்காக உட்காராத சாமான்கள் உண்டு. அவற்றுக்காக அந்த நாக்குகளில் ஓர் இரும்புக் கையைச் செருகிப் பூட்டுவோம். கையின் நுனியில் கொக்கி, கொக்கியில் துணிப்பட்டை, பட்டையில் பம்பு. அந்த நிமிடத்திலிருந்து அது வேறு வண்டி. நாக்கில் உட்கார்ந்த சுமை நாம் சொன்னபடி வரும். தொங்குகிற சுமைக்குத் தனி மனசு. நாம் பிரேக் போட்டாலும் அது இன்னும் கொஞ்சம் போய்விட்டுத்தான் வரும். நாம் திரும்பினால் அது யோசித்துவிட்டுத் திரும்பும். அது ஓர் ஆட்டம் ஆடினால் வண்டியே முன்னால் குப்புறக் கவிழலாம்.

அதற்காகத்தான் இத்தனை விதிகள். தரையை ஒட்டியே கொண்டுபோ. ஆள் நடக்கிற வேகத்தில் போ. சுமை சுற்றாமலிருக்க அதில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டு, ஒருவர் எட்ட நின்று பிடித்துக்கொண்டு வரட்டும். அடியில் போகாதே. கையால் தொடாதே. கடைசி இரண்டையும் சுவரில் படம் போட்டே மாட்டியிருக்கிறார்கள்.

நான் முதன்முதலில் ஒரு சுமை தொங்கிப் பார்த்தது கடலூர் முதுநகரில். சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது துறைமுகத்துப் பக்கம் ஒரு விசைப்படகின் எஞ்சினைக் கழற்றி, மூன்று கட்டையை முக்காலியாக நிறுத்திச் சங்கிலியில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தெருவே அதற்கு அடியில்தான் நின்றது. எல்லோர் கையும் அந்த எஞ்சின் மேல். ஒருவர் ஏத்து என்கிறார், ஒருவர் எறக்கு என்கிறார், மீன் வாங்க வந்த அம்மா ஒருவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கை கொடுக்கிறார். தொட்டுக்கொண்டிருந்தால் விழாது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் அன்றைக்கு அதுதான் பாதுகாப்பாகப் பட்டது. இத்தனை பேர் பிடித்திருக்கும்போது எஞ்சினுக்கு என்ன ஆகிவிடும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

இங்கே குளிர்காலமான ஜூன் மாதக் காலைகளில் முற்றம் முழுக்கப் பனி இறங்கிவிடும். வண்டி தெரியாது, ஓட்டுகிறவர் தெரிய மாட்டார். பம்பு மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து மெல்ல மெல்ல மிதந்து வரும். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் இடம் தப்பிவிடும். மார்கழியில் வெள்ளாற்றுப் பாலத்தில் நின்றுகொண்டு முதல் பஸ்ஸுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றே தோன்றும். கண்டக்டர் குரல்கூடக் கேட்கும். அப்புறம் யாராவது டில்லி என்று கூப்பிடுவார்கள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு விநாடி திரும்பிப் பார்ப்பேன்.

துணிப்பட்டைகளுக்கு நிறத்தில் கணக்கு. கத்திரிப்பூ நிறம் ஒரு டன், பச்சை இரண்டு டன், மஞ்சள் மூன்று. சுமையை இறக்கிய பிறகு பட்டையைக் கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். சில பேர் சோம்பல்பட்டு, அதன் இரண்டு முனைகளையும் கொக்கியிலேயே விட்டுவிட்டு அடுத்த பம்புக்குப் போய்விடுவார்கள். இரண்டு முனையும் மேலே, நடுத்துணி தழைந்து கீழே. வண்டி போகப் போக அது ஆடும்.

அது என்ன மாதிரி இருக்கும் என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உத்திரத்தில் சேலையைக் கட்டி அதில் பிள்ளையைப் போட்டு ஆட்டுவோமே, ஏணை. மற்ற பக்கங்களில் தூளி என்பார்கள். பிள்ளை இல்லாத வெறும் ஏணையை ஆட்டக் கூடாது, ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும். இது எனக்கு யார் சொல்லித் தெரியும் என்று தெரியாது. அடுப்பு சுடும் என்று யார் சொல்லித் தெரியும்? அப்படித்தான்.

3

அன்றைக்கு சியோனி வந்தான். டோங்கா தீவுக்காரன், பனைமரம் மாதிரி ஆள், குழந்தை மாதிரி சிரிப்பு. பம்பை இறக்கிவிட்டுப் பச்சைப் பட்டையைக் கொக்கியிலேயே விட்டு ஓட்டிக்கொண்டு வந்தான். நான் ஓரமாக நின்று தெர்மாஸிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் துணி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. பனி வேறு. என் கால் போனது எனக்குத் தெரியாது. ஓடுகிற வண்டிக்கு முன்னால் போய் அதை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்திவிட்டேன். அவன் பிரேக்கை மிதித்தான். இரும்புக் கையின் கொக்கி என் காதோரமாக ஒரு வீச்சு வீசிவிட்டுப் போனது.

சியோனி இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாதுகாப்பு அதிகாரி ஹெலன் ஓடி வந்தாள். நல்ல பெண், கோபம்கூட மெதுவாகத்தான் படுவாள். ஏன் டில்லி, ஏன் என்று கேட்டாள். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உண்மையைச் சொன்னேன். எம்ப்டி ஸ்விங் நோ குட். பேபி கெட் ஸ்டொமக் பெயின்.

ஹெலன் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் வயிற்றைப் பார்த்தாள். அப்புறம் ரொம்ப மெதுவாக என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் நாற்காலி. நாற்காலியில் முதுகுக்கு ஒரு மெத்தை. கனமான எதையும் தூக்க வேண்டாம் என்றாள். அடிக்கடி எழுந்து நட என்றாள். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று கண்ணைச் சிமிட்டினாள். ஐம்பதைத் தொடப்போகிறவள் ஆயிற்றே, வயதுக்கு மரியாதை கொடுக்கிறாள் என்று நானும் தேங்க்யூ தேங்க்யூ என்று வாங்கிக்கொண்டேன். போகும்போது ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தாள். வீட்டில் மாமா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு புரட்டினார். புரட்டியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“தில்ல, எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

கர்ப்பிணிகள் வேலையிடத்தில் கவனிக்க வேண்டியவை. அதுதான் புத்தகம். மாமா சோபாவில் சரிந்து சரிந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. அறைக்குள்ளிருந்து கயல் எட்டிப் பார்த்தாள். என்ன ஜோக் என்று கேட்டாள். ஒண்ணுமில்ல, ஆபீஸ் விஷயம் என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் போய் ஹெலனிடம் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவள் முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். சிரித்தாள். சிரித்து முடித்ததும் முற்றத்துக் கேமரா பதிவுகளைப் போட்டுக் காட்டினாள். நான் இதற்கு முன்பும் இப்படிப் போய்ப் பிடித்திருக்கிறேன். ஒரு தடவை கத்திரிப்பூப் பட்டை, ஒரு தடவை மஞ்சள். எனக்கே ஞாபகம் இல்லை. பார்க்கப் பார்க்க யாரோ தூக்கத்தில் நடக்கிற ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அப்போ என்ன காரணம் என்று கேட்டாள். நான் அந்தப் பதிவையே இன்னொரு தடவை போடச் சொன்னேன். உனக்கு இங்கிலீஷ் கஷ்டம் என்றால் போனில் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்கிறேன், வியாழக்கிழமை உட்கார்ந்து பேசுவோம், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு வரலாம் என்றாள். காரணம் புரியாமல் அட்டையைத் திருப்பித் தர முடியாது, அடுத்த தடவை கொக்கி காதோரமாகப் போகும் என்று என்ன நிச்சயம் என்றும் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

மாமாவுக்குப் பால் ஃபாக்டரியில் ஷிஃப்ட் மாற்ற முடியவில்லை. நான் வர்றேன் என்றாள் கயல். அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசியே நாளாகிவிட்டது, அதனால் ஆச்சரியமாகப் பார்த்தேன்.

“அங்கயாச்சும் நீ ரீசன் சொல்றியான்னு பாக்கணும்,” என்றாள்.

4

கயலுக்கு ஓர் அண்ணன் இருந்தான். கதிர் என்று பெயர். இது கயலுக்குத் தெரியாது.

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் பிறந்தான். புவனகிரியில் அம்மா வீட்டில்தான் வைத்திருந்தேன். பையன் கொஞ்சம் தேறட்டும், பெண்ணாடம் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நாள் பார்த்து வைத்திருந்தார்கள். மாமா ஞாயிற்றுக்கிழமை தோறும் விருத்தாசலம் வந்து பஸ் மாறி வருவார். வந்தவுடன் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஏணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டே தூங்கிப்போவார். பிள்ளை விழித்துக்கொண்டிருக்கும், ஆட்டுகிறவர் தூங்குவார். நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் எனக்குள் வெயிலோடு அப்படியே கிடக்கின்றன.

காய்ச்சல் வந்தது. சிதம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர்களும் செய்யாதது ஒன்றும் இல்லை. பிள்ளை நிற்கவில்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஏணையை யாரும் அவிழ்த்திருக்கவில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை. கூடத்தில் நான் தரையில் படுத்திருந்தேன். ஜன்னல் காற்றுக்கு அது ஆடிக்கொண்டிருந்தது. பகல் வேளை, வெளியே பஸ் போகிறது, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது, இது பாட்டுக்கு ஆடுகிறது. பிள்ளைக்கு வயிறு வலிக்குமே என்று எழுந்துபோய்ப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் வலிப்பதற்குப் பிள்ளை இல்லை என்பது உறைத்தது. ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் மறுபடியும் ஆடுமே. மாமா வந்து என் விரலைப் பிரித்துவிட்டுத் துணியை அவிழ்த்தார். அதுவரைக்கும் நின்றுகொண்டே இருந்தேன்.

அப்புறம் கயல் பிறந்தாள். இந்தப் பிள்ளையிடம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். என் தங்கை இன்றைக்கு வரைக்கும் அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறாள். கடல் தாண்டி வந்த பிறகு மறைப்பது இன்னும் சுலபமாகிவிட்டது. கதிரைத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நாங்கள் இரண்டு பேர்தான். அவனைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் கயல் பக்கத்தில் இருந்தாலும் பேசுவோம். மெதுவாகச் சொல்கிற தமிழ் அவளுக்குப் புரியும். நாங்கள் இரண்டு பேரும் ஊர் வேகத்தில் இறங்கிவிட்டால் புரியாது. இதுக்குப் பேரு புவனகிரி ஸ்பீடு என்பாள், ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். எங்களுக்கு அது வீட்டுக்குள் கட்டிய திரை. இத்தனை வருஷமாக அந்தத் திரைக்குக் கயல் பக்கம் மூன்று பேராகவும், எங்கள் பக்கம் நாலு பேராகவும் வாழ்ந்திருக்கிறோம்.

5

வியாழக்கிழமை. சின்ன அறை, நடுவில் மேசை, மேசையில் போன். ஒரு பக்கம் ஹெலன், இந்தப் பக்கம் நானும் கயலும். போனிலிருந்து ஒரு பெண்குரல் வணக்கம் சொன்னது. யாழ்ப்பாணத்துத் தமிழ். கேட்டவுடன் மனசு கொஞ்சம் இளகியது.

“நீங்கள் கதைக்கிற எல்லாத்தையும் நான் அப்பிடியே இங்கிலீஷில சொல்லுவன் அக்கா. ஒண்டையும் விடமாட்டன்,” என்றாள்.

சரிம்மா என்றேன். அந்த வார்த்தை என் மண்டையில் ஏறவே இல்லை. அங்கேதான் என் புத்தி மழுங்கிப்போயிருக்கிறது. எனக்கு இருந்த கணக்கெல்லாம் ஒன்றுதான். கயல் பக்கத்தில் இருக்கிறாள், அதனால் ஊர் வேகத்தில் பேசிவிட வேண்டும். அவளுக்குப் புரியாது, ஹெலனுக்குப் புரிய வேண்டியது புரிந்துவிடும், அட்டை வந்துவிடும். வீட்டில் எத்தனையோ தடவை இழுத்துவிட்ட திரையை அங்கேயும் இழுத்துவிட்டேன்.

ஏன் தொட்டாய் என்று ஹெலன் கேட்டாள். நான் ஆரம்பித்தேன். மூச்சு விடாமல் சொன்னேன். மொதப் புள்ள ஆம்பளப் புள்ளம்மா, காய்ச்சல்ல பூட்டுது, ஊட்டுக்கு வந்தா வெறும் ஏணை ஆடிக்கிட்டுக் கெடக்கு, நான்தான் போயிப் புடிச்சேன், அன்னையிலேர்ந்து எது அப்புடி ஆடுனாலும் என் கை நிக்க மாட்டேங்குது, நானா போறதில்ல, என் கை என்னக் கூட்டிக்கிட்டுப் போவுது என்று கொட்டினேன். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கயல் பக்கம் திரும்பவே இல்லை.

போனில் பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் கேட்டாள்.

“ஏணையோ அக்கா?”

ஆமாம் என்றேன். அவர்கள் ஊரிலும் அதே சொல்தான் போலிருக்கிறது.

அப்புறம் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். மொழிபெயர்ப்பவர்கள் அவர் இப்படிச் சொல்கிறார் என்று சொல்வதில்லை. நாமாகவே ஆகிவிடுகிறார்கள். என் முதல் குழந்தை ஆண் குழந்தை, என்றாள் அவள். அவன் காய்ச்சலில் இறந்துபோனான். நான் வீட்டுக்கு வந்தபோது அவனுடைய காலித் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாக்கியமாக, நிதானமாக, இந்த நாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற சுத்தமான இங்கிலீஷில், ஒன்றையும் விடாமல்.

முதல் வாக்கியத்திலேயே எனக்கு உறைத்தது, இங்கிலீஷ்தான் கயலின் பாஷை. நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்தப் பாஷையில் நிறுத்தச் சொல்வது என்று தெரியவில்லை. தமிழில் சொன்னால் அதையும் இங்கிலீஷில் சொல்லிவிடுவாளே என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு ஓடியது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். என் வாழ்க்கையை யாரோ ஒரு பெண் நான் நான் என்று சொல்லக் கேட்டுக்கொண்டு, நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். சொல்லி முடித்ததும் அந்தக் குரலிலும் ஈரம் இருந்தது.

ஹெலன் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கயல் என்னைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளே இருக்கிறவள்தான் தன் அம்மா என்கிற மாதிரி.

ஹெலன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மன்னித்துக்கொள் டில்லி என்றாள். பிறகு வேலை விஷயத்துக்கு வந்துவிட்டாள், இந்த ஊர்க்காரர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம் அது. வெறும் பட்டையைக் கொக்கியில் விட்டு வண்டியை நகர்த்தியதே முதல் தப்பு, அதை சியோனியிடமும் மற்றவர்களிடமும் பேசிக்கொள்கிறேன் என்றாள். உனக்குத் திங்கட்கிழமை முதல் மறுபயிற்சி, ஆடுகிற பட்டையைப் பார்த்தால் கை போகக் கூடாது, வாய் போகட்டும், நின்ற இடத்தில் நின்றுகொண்டு ஸ்டாப் என்று கத்து, எல்லா வண்டியும் நிற்கும் என்றாள். அதைப் பழகிக் காட்டினால் அட்டை உன்னுடையது. முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன். முடியுமா என்று எனக்கு நிஜமாகத் தெரியாது. ஆனால் கத்துவதில் புவனகிரிக்காரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

6

ஊரில் இதைப் படிக்கிற என் சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தனை நாள் எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தீர்கள். இனிமேல் வேண்டாம். கயல் போன் செய்தால், கதிர் எப்படிச் சிரிப்பான், யார் ஜாடை என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தங்கச்சி, நீதான் அவனுக்கு முதலில் மை வைத்தவள், அதையும் சொல்லு.

அன்றைக்குக் கயல்தான் கார் ஓட்டினாள். கம்பெனி வாசலைத் தாண்டி, லாரிகள் நிற்கிற ரோட்டைத் தாண்டி, பெரிய பாலம் ஏறினோம். பாலத்துக்கு மேலே வெயில் வந்துவிட்டது, கீழே தண்ணீர் மேல் மட்டும் பனி கொஞ்சம் மிச்சம் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. யாரோ என் கையிலிருந்து ஒரு சாமானை வாங்கிக்கொண்ட மாதிரி, கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.

“அவன் பேர் என்னா?” என்று கேட்டாள்.

சொன்னேன். கதிர், என்று அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெயரை என் குரலிலும் மாமா குரலிலும் தவிர வேறு குரலில் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாலம் இறங்கியதும் காரை ஓரமாக நிறுத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடித் தமிழிலேயே கேட்டாள்.

“நான் பொறந்தப்ப நீ சந்தோஷமா இருந்தியாம்மா? இல்ல, பயந்தியா?”

பொய் சொல்லியிருக்கலாம். பெற்றவள் சொல்கிற பொய்தானே. ஆனால் அந்த அறையில் ஒன்றையும் விடாமல் சொல்லக் கேட்டுவிட்டு வந்த பிறகு, எனக்குப் பொய் வரவில்லை.

“பயந்தேன்டி. ரொம்பப் பயந்தேன். ஒனக்கு ஏணையே கட்டல. கீழ எறக்கியே வெக்க மாட்டேன். சோறு திங்கறப்பவும் தோள்லதான். கை மரத்துப் போயிடும், அப்பவும் எறக்க மாட்டேன்.”

கயல் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

“இன்னும் நீ எறக்கலம்மா,” என்றாள்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ரோட்டோரத்தில், லாரிகள் காரை ஆட்டிவிட்டு ஆட்டிவிட்டுப் போக, அம்மாவும் மகளும் வெட்கமில்லாமல் அழுதோம். அழுது ஓய்ந்ததும் முந்தானையைத் தேடினேன். வேலைச் சட்டையில் ஏது முந்தானை? கைப்பையில் கிடந்த பேப்பர் நாப்கினை எடுத்து மூக்கைச் சிந்தினேன்.

“பெர்த்துல ஒன்ன எந்தத் தேதிக்குச் சேரச் சொல்லியிருக்காங்க?” என்று கேட்டேன்.